இருமினால் சொட்டுகிறது, பயிற்சி செய்தும் நிற்கவில்லை: ஏன்?

கேட்டவருக்கு வயது 38. இரண்டும் சுகப்பிரசவம், சின்னவனுக்கு 5 வயது. இருமினால், தும்மினால், தண்ணீர் கேனைத் தூக்கினால் சிறுநீர் சொட்டுகிறது. டாக்டரிடம் காட்டியபோது "கீகல் பயிற்சி பண்ணுங்க" என்று, இடுப்பின் அடித்தசையை இறுக்கி விடும் அந்தப் பயிற்சிக்கு ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இரண்டு மாதமாகத் தினமும் செய்கிறார், பெரிய மாற்றம் இல்லை. மாமியார், "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்கிறார். அந்தத் தசை உண்மையில் என்ன வேலை செய்கிறது, தன் பயிற்சி ஏன் பலிக்கவில்லை, கடைசியில் ஆபரேஷன்தானா என்பது அவருடைய கேள்வி.

முதலில் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். பிள்ளை பெற்ற நிறையப் பெண்களுக்கு இது இருக்கிறது, உண்மைதான். பல் சொத்தையும் நிறையப் பேருக்கு இருக்கிறது, அதற்காக யாரும் வலியோடு காலம் தள்ளுவதில்லை. நான் பெண்களுக்கான பிசியோதெரபி பார்க்கத் தொடங்கி 16 வருடம் ஆகிறது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏழெட்டு வருடம் சும்மா இருந்துவிட்டுத்தான் வருகிறார்கள். அடர்ந்த நிறப் புடவை மட்டும் கட்டுவார்கள், கைப்பையில் மாற்று உள்பாவாடை வைத்திருப்பார்கள், கல்யாண வீட்டுக்குப் போனால் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். நீங்கள் 38 வயதிலேயே கேட்டுவிட்டீர்கள், இது நல்ல நேரம்.

இனி தசைக்கு வருவோம். அடிவயிற்றுக்குக் கீழே, முன்பக்கம் கையால் அழுத்தினால் ஒரு எலும்பு தட்டுப்படும். பின்னால், உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே வால் எலும்பு இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, இடுப்பு எலும்புக்கூட்டின் அடிப்பக்கத்தை மூடியபடி ஒரு தசை விரிப்பு கட்டப்பட்டிருக்கிறது. இதைத்தான் இடுப்புத்தளத் தசை என்கிறோம். ஒரே தசை அல்ல, பல தசைகள் சேர்ந்த ஒரு கூட்டு. பெண்களுக்கு இதன் வழியாக மூன்று பாதைகள் வெளியே வருகின்றன: முன்னால் சிறுநீர்க் குழாய், நடுவில் பிறப்புறுப்பு, பின்னால் ஆசனவாய். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் இதன் மேல்தான் அமர்ந்திருக்கின்றன.

இந்தத் தசைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கை, கால் தசைகள் வேலை இல்லாதபோது தளர்ந்து கிடக்கும். இது நீங்கள் தூங்கும்போதுகூட லேசான இறுக்கத்தில்தான் இருக்கும், சிறுநீரோ மலமோ கழிக்கும்போதுதான் முழுசாகத் தளரும். இதில் ஏறக்குறைய 70 சதவீதம், மெதுவாகவும் நீண்ட நேரமும் வேலை செய்யும் இழைகள். மிச்சம், சட்டென்று சுருங்கி சட்டென்று களைத்துப்போகும் இழைகள். உறுப்புகளை நாள் முழுக்கத் தாங்குவது முதல் வகை. தும்மல் வரும்போது ஓடி வந்து உதவுவது இரண்டாவது வகை. பயிற்சியில் இரண்டுக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர்ப்பையைத் தாங்குவது என்றால் என்ன என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெண்களின் சிறுநீர்க் குழாய் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு அது 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். இவ்வளவு சின்னக் குழாய், மேலே அரை லிட்டர் வரை பிடிக்கும் பை. இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறி அந்தப் பையை அமுக்குகிறது. இருந்தும் ஒரு சொட்டு வெளியே வராமல் எப்படி நிற்கிறது? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் டிலான்சி 1994-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். குழந்தைக்குக் கட்டும் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்க் குழாய்க்கு அடியில், பிறப்புறுப்பின் முன்சுவரும் அதோடு ஒட்டிய திசுப்படலமும் சேர்ந்து ஒரு தூளி போல இருக்கின்றன. தூளியின் இரண்டு ஓரமும் இடுப்பின் பக்கவாட்டில் இடுப்புத்தளத் தசையோடும் திசுப்பட்டைகளோடும் கட்டப்பட்டிருக்கின்றன. இருமல் மேலிருந்து குழாயை அமுக்கும்போது, அடியில் தூளி விறைப்பாக இருந்தால் குழாய் இரண்டுக்கும் நடுவே நசுங்கி மூடிக்கொள்ளும். சிமெண்ட் தரையில் கிடக்கும் தோட்டத்து ஹோஸ் குழாயை மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். அதையே சேற்றில் போட்டு மிதியுங்கள், குழாய் சேற்றுக்குள் அமிழும், தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தசை தளர்ந்த தூளி அந்தச் சேறு மாதிரி.

தூளி மட்டுமே காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். குழாயைச் சுற்றி வளையம் போல ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. அதே டிலான்சி குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இருமினால் கசியும் பெண்களுக்கும் கசியாத பெண்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம், குழாய் தன்னைத்தானே மூடிக்கொள்ளும் அழுத்தத்தில்தான் தெரிந்தது. தாங்குதலின் பங்கு அதற்கு அடுத்துத்தான் வந்தது. வயது ஏற ஏற அந்த வளையத்தின் தசை இழைகளும் குறைகின்றன. அதனால்தான் பிரசவம் முடிந்ததும் சரியாக இருந்த ஒருவருக்கு 50 வயதில் புதிதாகக் கசிவு தொடங்குகிறது. நல்ல விஷயம் என்னவென்றால், வளையம் சற்று பலவீனமாக இருந்தாலும், அடியில் இருக்கும் தசை சரியான நேரத்தில் தூக்கிக் கொடுத்தால் குறையின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடலாம்.

பிரசவம் இந்தத் தசையை என்ன செய்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்துகொள்வது நல்லது. தலை வெளியே வரும் நேரத்தில் இதன் உள்பகுதி தன் இயல்பான நீளத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இழுபடுகிறது என்று 2004-இல் கணினி மாதிரி வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். உடம்பின் வேறெந்தத் தசையையும் இப்படி இழுத்தால் கிழிந்துவிடும். பெரும்பாலான பெண்களுக்கு இது இழுபட்டு மறுபடி திரும்பிவிடுவதே ஆச்சரியம்தான். சிலருக்கு எலும்பிலிருந்து ஒரு பக்கம் பிய்ந்துவிடுகிறது. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவங்களில் இது கூடுதல். சிசேரியன் என்றால் முழுசாகத் தப்பிவிடலாம் என்றும் இல்லை, ஒன்பது மாதச் சுமையே தசையைத் தளர்த்திவிடும். ஆகவே இது நீங்கள் ஏதோ சரியாகச் செய்யாததால் வந்தது இல்லை.

சரி, பயிற்சி ஏன் பலிக்கவில்லை? என் அனுபவத்தில் முக்கியக் காரணம், தவறான தசையை இறுக்குவது. போன வருடம் தையல் வேலை செய்யும் ஒரு பெண் வந்தார். தினமும் நூறு தடவை செய்கிறேன் என்றார். படுக்கவைத்து, அடிவயிற்றில் என் கையை வைத்துக்கொண்டு, செய்து காட்டச் சொன்னேன். மூச்சைப் பிடித்தார். கன்னம் உப்பியது. கால் விரல்கள் மடங்கின. புட்டம் விரிப்பிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியது. அடிவயிறு என் கையை வெளியே தள்ளியது. உள்ளே இழுக்க வேண்டிய இடத்தில் அவர் வெளியே முக்கிக்கொண்டிருந்தார், நாளுக்கு நூறு தடவை. அந்தத் தளர்ந்த தசையை அவரே கீழே தள்ளிக்கொண்டிருந்தார். அவர் மேல் தப்பே இல்லை. யாரும் செய்யவைத்துப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இது அவர் ஒருவர் கதை அல்ல. 1991-இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு வாய்மொழியாகச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர்கள் செய்வதை அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேர்தான் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர் செய்த விதம், கசிவைக் கூட்டக்கூடியதாக இருந்தது. கீகல் என்று நாம் இன்று சுலபமாகச் சொல்லும் பயிற்சியை 1948-இல் எழுதிய ஆர்னால்ட் கீகல்கூட வெறுமனே "இறுக்குங்கள்" என்று விட்டுவிடவில்லை. பிறப்புறுப்புக்குள் வைத்துத் தசையின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு கருவியையும் அவரே உருவாக்கினார். முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டேதான் பெண்கள் பயிற்சி செய்தார்கள். அந்தக் கருவியும் மேற்பார்வையும் போய், பெயரும் ஒரு தாளும் மட்டும் நம்மிடம் மிஞ்சியிருக்கின்றன. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சரியாகச் செய்வது எப்படி என்று எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஒரு மூச்சு இழுத்து, வெளியே விட ஆரம்பிக்கும்போது, கூட்டத்துக்கு நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவது போலப் பின்பக்கத்தை மெல்ல மூடுங்கள். அதை அப்படியே முன்பக்கத்துக்கும் கொண்டு வாருங்கள். பாட்டியின் சுருக்குப்பையில் கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கி, பை மேலே எழும்பும் அல்லவா, அதே மாதிரி: மூட வேண்டும், மேலே தூக்கவும் வேண்டும். வெறும் மூடல் போதாது. தொடை, புட்டம், கால் விரல் எதுவும் அசையக் கூடாது. தொப்புளுக்குக் கீழே லேசாக உள்வாங்கினால் பரவாயில்லை, வயிறு உப்பினால் தப்பு. சத்தமாக ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டே செய்யுங்கள், பேசிக்கொண்டு மூச்சைப் பிடிக்க முடியாது. அந்தத் தையல்காரப் பெண் சரியாகச் செய்த அன்று, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். இவ்வளவுதான். வெளியே பார்க்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது.

சரியாக வருகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். கை துடைக்கும் சிறு துண்டைச் சுருட்டி, மரநாற்காலியில் முன்னும் பின்னுமாக வைத்து அதன்மேல் உட்காருங்கள். இறுக்கும்போது உடம்பு துண்டை விட்டு மேலே விலகுவது போலத் தோன்ற வேண்டும். துண்டின் மேல் அழுத்தம் கூடினால் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். கைக்கண்ணாடியில் பார்த்தால், பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடம் உள்ளே போவது தெரியும். கழிப்பறையில் சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பார்ப்பதைப் பலர் பயிற்சியாகவே செய்கிறார்கள். எந்தத் தசை என்று கண்டுபிடிக்க ஒரு தடவை செய்து பார்க்கலாம், அவ்வளவுதான். தினமும் செய்தால் பை முழுசாகக் காலியாகாமல் போகும்.

அளவுக்கு வருகிறேன். எத்தனை விநாடி தளராமல் பிடிக்க முடிகிறதோ அதுதான் உங்கள் தொடக்கம். மூன்று விநாடி என்றால் மூன்று. பிடித்த அதே நேரம் முழுசாகத் தளர்த்துங்கள், தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. இப்படி 8 முதல் 10 தடவை. அப்புறம் சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவது 10 தடவை. இது ஒரு சுற்று, நாளுக்கு மூன்று சுற்று. வாரங்கள் போகப் போக விநாடியை 8, 10 என்று கூட்டுங்கள். படுத்துக்கொண்டு நன்றாக வந்ததும் உட்கார்ந்து, பிறகு நின்று. நின்று செய்வதைத் தவிர்க்காதீர்கள், உங்களுக்குக் கசிவதே நிற்கும்போதுதானே. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, இந்த வகைக் கசிவுக்கு முதல் சிகிச்சையாகக் குறைந்தது மூன்று மாதம், ஒருவருடைய மேற்பார்வையில் செய்யும் பயிற்சியைத்தான் சொல்கிறது. நீங்கள் செய்தது இரண்டு மாதம், மேற்பார்வை இல்லாமல். அதை வைத்துப் பலன் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்? பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பாய்வில், இருமல் வகைக் கசிவு உள்ளவர்களில், பயிற்சி செய்த பெண்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். சிகிச்சை எதுவும் இல்லாத பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 6 சதவீதம். மாத்திரை, கத்தி எதுவும் இல்லாமல் இந்த அளவு கிடைப்பது பெரிய விஷயம்.

தசைக்குப் பலம் வந்தால் மட்டும் போதாது, நேரம் பார்த்து வேலை செய்ய வேண்டும். தாள்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். பிரச்சினை இல்லாத பெண்ணுக்கு இருமல் வெடிப்பதற்கு ஒரு கண நேரம் முன்பே தசை தானாக மேலே தூக்கிக்கொள்கிறது. பிரசவத்துக்குப் பிறகு இந்தத் தானியக்கம் சிலருக்குத் தாமதமாகிவிடுகிறது. அதை நாமே நினைவோடு செய்து பழக்க வேண்டும்: தும்மல் வருகிறது என்று மூக்கு சொன்ன உடனே மூடித் தூக்குங்கள், தும்மி முடியும்வரை பிடியுங்கள், பிறகு விடுங்கள். டிலான்சியும் சக ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட சிறு ஆய்வில், இதைக் கற்றுக்கொண்ட பெண்களுக்கு ஒரே வாரத்தில், தசை பலமாவதற்கு முன்பே, இருமும்போது கசிவது வெகுவாகக் குறைந்தது. தண்ணீர் கேனுக்கும் இதே முறைதான். குனிந்து கையை வைத்ததும் மூடித் தூக்கி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழுந்திருங்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானத் தசை கீழே வருகிறது, அதோடு இடுப்புத்தளமும் சற்று இறங்குகிறது. விடும்போது இரண்டும் ஏறும். மூச்சைப் பிடித்துத் தம் கட்டித் தூக்கினால் எல்லா அழுத்தமும் கீழே போய்த்தான் முட்டும்.

கூடவே மூன்று விஷயங்களைப் பாருங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். தினமும் காலையில் முக்கிக்கொண்டு, சாயங்காலம் தசைப் பயிற்சி செய்வதில் பயன் குறைவு. நாள்பட்ட இருமலும் அப்படித்தான். உடல் எடை கூடியிருந்தால் கொஞ்சம் குறைந்தாலே வித்தியாசம் தெரியும்: 2009-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், எடையில் சராசரியாக 8 சதவீதம் குறைத்த பெண்களுக்கு வாரத்தில் கசியும் தடவைகள் ஏறக்குறைய பாதியாகின. பிரசவமானதும் வயிற்றுக்குத் துணி கட்டும் பழக்கத்தைப் பற்றியும் பலர் கேட்பார்கள். லேசாக, இதமாகக் கட்டினால் பரவாயில்லை. மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கினால் அழுத்தம் கீழ்நோக்கித்தான் போகும்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், அவசரம்தான் கூடும். அவசரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இருமும்போது சொட்டுவது ஒரு வகை. வீட்டுக் கதவில் சாவியைத் திருப்பும்போதே அடக்க முடியாமல் ஓடுவது வேறு வகை, அங்கே சிறுநீர்ப்பையின் தசையே நேரம் காலம் பார்க்காமல் சுருங்குகிறது. உங்களுக்கு அதுவும் இருந்தால், அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். நின்ற இடத்தில் நின்று, இடுப்புத்தளத்தை ஐந்தாறு தடவை வேகமாக இறுக்கி விடுங்கள். இந்தத் தசை சுருங்கும்போது சிறுநீர்ப்பைக்கு அடங்கு என்ற செய்தி நரம்பு வழியாகப் போகிறது. அலை தணிந்ததும் நிதானமாக நடந்து போங்கள். காபி, டீயைக் குறைத்துப் பாருங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வெளியே கிளம்பும்போதெல்லாம் போய்வருவதையும் விடுங்கள், பை கொஞ்சத்துக்கே நிறைந்ததாக நினைக்கப் பழகிவிடும்.

எல்லோருக்கும் இறுக்கும் பயிற்சி ஏற்றதும் அல்ல. தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர் விட்டு விட்டு வருவது, அடியில் எப்போதும் ஒரு வலி என்று இருந்தால் தசை தளர்ந்திருக்காது, இறுகிப்போயிருக்கலாம். அவர்களுக்கு முதலில் தளர்த்தக் கற்றுக்கொடுக்க வேண்டும். இன்னும் இறுக்கினால் வலி கூடும்.

ஆபரேஷன் பற்றி. மூன்று மாதம் சரியாகச் செய்தும் போதவில்லை, இனி குழந்தை வேண்டாம் என்றால், சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் ஒரு நாடாவை வைத்துத் தாங்கும் சிகிச்சை இருக்கிறது. ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டென் 1990-களில் கொண்டுவந்தது, இதுவும் ஒருவிதத்தில் தூளியைத் திரும்பக் கட்டுவதுதான். செயற்கை வலைகளால் சில பெண்களுக்குத் தீராத வலியும் சிக்கல்களும் வந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை போன்ற உறுப்புகள் கீழே இறங்குவதற்காகப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்த 2019-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ உத்தரவிட்டது. நாடா அந்த உத்தரவில் சேராது, ஆனாலும் அதுவும் செயற்கை வலைதான். எந்தப் பொருளை வைக்கப்போகிறார்கள், சொந்தத் திசுவை எடுத்துச் செய்யும் முறை உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஒப்புக்கொள்ளுங்கள். சாயங்காலமானால் அடியில் ஏதோ இறங்கி நிற்பது போலவோ, உருண்டையாகக் கையில் தட்டுப்படுவது போலவோ இருந்தால் அது சிறுநீர்ப்பையோ கர்ப்பப்பையோ இறங்குவதாக இருக்கலாம். அதற்குக் கத்தி இல்லாமல் உள்ளே பொருத்தும் வளையமும் இருக்கிறது, கேளுங்கள்.

உங்கள் ஊரில் பெண்களுக்கான பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்று மகப்பேறு மருத்துவரிடம் விசாரியுங்கள். ஒரே ஒரு முறை சோதித்துச் சொல்லிக்கொடுத்தால்கூட அந்த இரண்டு மாத உழைப்பு சரியான பாதைக்கு வந்துவிடும். போகும் முன் மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மணிக்குச் சிறுநீர் போனீர்கள், எப்போது, என்ன செய்யும்போது கசிந்தது. சிறுநீரில் இரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், இரவு பகல் நிற்காமல் ஒழுகுவது என்றால் பயிற்சியை ஒதுக்கி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். முதுகுவலியோடு திடீரென்று சிறுநீர் வராமல் போய், உட்காரும் இடம் மரத்துப்போனால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.